மேட்ரனுக்கு ஒரு வீடு

கிரேஸ் ஹோமை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நேரத்தில் ஜெபமலரின் கையில் ஒரு பழைய வாஷர் இருந்தது. மாடிக் குளியலறையில் குழாய் ஒழுகுகிறது என்று காலையிலிருந்து பிளம்பருக்குப் போன் போட்டு, அவன் எடுக்காமல் போகவே, தானே குழாயைக் கழற்றித் தேய்ந்த வாஷரை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டிருந்தாள். வாசலில் டிரஸ்டின் செயலாளர் வந்து நின்றார். அவளை ஆபீஸ் அறையில் உட்கார வைத்துவிட்டு, கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்று ஆரம்பித்தார். என்ஜினீயர் வந்து பார்த்ததையும், மேல்மாடி இனித் தாங்காது என்று அவர் சொன்னதையும், பிள்ளைகள் முன்போல வந்து சேராததையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "அதனால இந்த மே மாசத்தோட..." என்று இழுத்தார்.

"அப்போ இந்த வாஷர் வாங்கணுமா, வேண்டாமா சார்?" என்று கேட்டாள் ஜெபமலர்.

செயலாளர் அவள் கையில் இருந்த வாஷரைப் பார்த்தார். "வாங்குங்க மேட்ரன். மே வரைக்கும் ஒழுகக் கூடாதில்லியா" என்றார்.

அவள் வாங்கி வந்து போட்டாள். குழாய் ஒழுகுவது நின்ற பிறகுதான், அந்தக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், பலாமரம் நிற்கும் ஒரு காம்பவுண்டுக்குள் இருந்தது அந்த மகளிர் விடுதி. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சபை உபதேசியாரின் மகள் ஜெபமலர். டீச்சர் டிரெயினிங் முடித்து வேலை கிடைக்காமல், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கல்யாணமும் தள்ளிப்போய், அம்மா இறந்த வருடம் ஒரு தோல்பையோடு இங்கே மேட்ரனாக வந்து சேர்ந்தவள். அப்போது வயது முப்பது. இப்போது அறுபதைத் தொடப்போகிறாள். தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர்கள், பி.எட். படிக்க வந்தவர்கள், நர்சுகள், பிற்பாடு கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் என்று எத்தனையோ பேர் அவளுடைய கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள், வெளியே போனார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். உள்ளே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பாள். வராத முகத்துக்காகக் காத்திருப்பாள்.

கொரோனாவுக்குப் பிறகு நிலைமை மாறியது. கம்பெனிப் பெண்கள் தங்கள் கம்பெனிகள் இருக்கிற கழக்கூட்டத்துப் பக்கமே அறை பார்த்துக்கொண்டார்கள். எந்நேரமும் வரலாம், எந்நேரமும் போகலாம் என்கிற இடங்கள் வந்தபிறகு, கேட் பூட்டுகிற விடுதியை யார் தேடி வருவார்கள்? கடைசியில் மாடி முழுக்கக் காலியாகி, கீழே சில அறைகளில் மட்டும் ஆள் இருந்தது.

சமையல்காரி ரத்னாபாய்க்கும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நெய்யாற்றின்கரைக்காரி. புருஷன் இறந்தபின் சின்ன மகளோடு வந்து மெஸ்ஸில் சேர்ந்தவள். மகள் ஜிஷா அங்கேயே வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போய்விட்டாள். ரத்னா அடுக்களைக்குப் பின்னால் உள்ள அறையிலேயே இருந்தாள். இத்தனை வருடமும் காலையில் எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் அரிசிக்கும் மேட்ரனிடம் வந்து நிற்பாள். மேட்ரன் அளந்து கொடுப்பாள். இருவருக்கும் இடையே நடந்த பேச்சில் முக்கால்வாசி தேங்காயைப் பற்றியதுதான்.

மே மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிரிவு உபசாரம் வைத்தார்கள். பழைய பிள்ளைகள் வாட்ஸாப்பில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, புருஷன் பிள்ளைகளோடு வந்து டைனிங் ஹாலை நிறைத்துவிட்டார்கள். ஜெபமலர் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலையில் மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பேச வந்தவள் ஷீஜா. இப்போது வங்கியில் மேனேஜர். "ஒருநாள் ஆற்றுகால் கோயில் பொங்கலைக்குப் போயிட்டு நேரம் தப்பி வந்தேன். கேட்டுக்கு வெளியில நிறுத்தி, அப்பாவுக்குப் போன் போட்டு அவர் வாயால சொன்ன பிறகுதான் உள்ள விட்டாங்க. அப்பா இப்பவும் மேட்ரன் சுகமான்னு கேப்பாரு, பயத்தோட" என்றாள். ஹால் அதிர்ந்து சிரித்தது. அடுத்து வந்தவள், "யாருது அது, இப்பம் எங்க இருந்து வருது?" என்று ஜெபமலரின் குரலிலேயே பேசிக் காட்டினாள். பிபின் என்று ஒருவன், இங்கே தங்கியிருந்த ஒரு பெண்ணின் கணவன், மைக்கைப் பிடித்து, "எங்க காதலுக்கு முதல் வில்லன் எங்க மாமனார் இல்ல, மேட்ரன்தான்" என்றான். அதற்கும் சிரிப்பு.

ஜெபமலரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காத்திருந்தாள். விடுதியே மஞ்சள் காமாலையில் படுத்த வருடத்தை யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். பரீட்சையில் தோற்று, சாப்பிடாமல் கிடந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியதை அந்தப் பெண்ணாவது சொல்வாள். அவள் முன்வரிசையில்தான் இருந்தாள். யாரும் சொல்லவில்லை. மேடையில் சொல்லத் தோதான விஷயங்கள் அவை இல்லைபோலும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவளிடம் மைக் வந்தது. ஆண்டவருக்கும் டிரஸ்டுக்கும் நன்றி சொன்னாள். பழைய வாட்ச்மேனை நினைவுகூர்ந்தாள். பால்காரர் யூசுப்பின் பெயரைக்கூடச் சொன்னாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

குரூப் போட்டோவுக்கு எல்லோரும் நின்றபோது, ரத்னாபாய் அடுக்களையிலிருந்து வடைத் தட்டோடு வெளியே வந்தாள். போட்டோ எடுத்த பையன், "சேச்சி, ஒண்ணு மாறி நிக்கணே" என்று விலகி நிற்கச் சொன்னான். அவள் தட்டோடு சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

அறையைக் காலி செய்ய இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். மார்த்தாண்டத்திலிருந்து அண்ணன் மகன் பிரவின்ராஜ் போன் செய்தான். "அத்தே, இங்க மாடியில ரூம் சும்மாதான் கெடக்கு. வந்திருங்க. பிள்ளைகளுக்கும் ஒரு தொணையாச்சு." நல்ல பையன், மனதாரத்தான் கூப்பிட்டான். ஆனால் ஜெபமலருக்கு அங்கே போக மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் பாடகர் குழுவில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. சபை முடிந்து பாளையம் வழியாக நடந்து வருகிற நடை இருந்தது. ஊரில் வாழ்ந்த அளவுக்கு இங்கேயும் வாழ்ந்தாயிற்று. "பாக்கேன் மக்களே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வாடகைக்கு வீடு தேடியபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பேட்டையில் ஒரு வீட்டுக்காரம்மா கதவைப் பாதி திறந்து, "ஃபேமிலிக்கு மாத்ரமே கொடுக்கும்" என்றாள். ஜெகதியில் ஒருவர், தனியாக இருக்கிற பெண்ணைத் தேடி யார் யார் வருவார்கள், எந்த நேரத்தில் வருவார்கள் என்று கேட்டார். கவடியாரில் புதிதாகத் திறந்திருந்த பெண்கள் பி.ஜி. விடுதி ஒன்றில், ஜானவி என்ற இளம்பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, லோக்கல் கார்டியன் யாரு?"

"எனக்கா?"

"எல்லாருக்கும் வேணும். பின்னே, எங்க வேலை பாக்குறீங்க?"

"ரிட்டையர் ஆயாச்சு."

"அய்யோ ஆன்ட்டி, ஒர்க்கிங் விமனுக்கு மட்டும்தான். ரூல்ஸ் அப்படி. நான் ஒண்ணும் செய்ய முடியாது." உண்மையாகவே வருத்தப்பட்டாள் அந்தப் பெண்.

நான் ஒண்ணும் செய்ய முடியாது என்ற வார்த்தையை எத்தனை அப்பன்மாரிடம், எத்தனை பிள்ளைகளிடம் இதே முகத்தோடு தான் சொல்லியிருப்போம் என்று யோசித்தபடி வெளியே வந்தாள் ஜெபமலர். வெயில் சுள்ளென்று அடித்தது. கோபப்பட யாரும் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற ஆள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

அன்று சாயங்காலம் ரத்னாபாய் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"வீடு கிடைச்சுதா மேட்ரன்?"

"இல்லே."

"எனக்கும் வேணும். ஜிஷாக்க வீட்டில அவ மாமியாரு உண்டு. ரெண்டு நாளுன்னா செரி, எப்பவும்னா சரிப்படாது." சாயா டம்ளரை மேட்ரன் பக்கம் நகர்த்தினாள். "ஒண்ணா ஒரு வீடு பாத்தா என்ன?"

ஜெபமலரும் ரத்னாவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்லை. ஆனாலும் மறுநாள் இருவரும் கரமனைக்குப் போனார்கள். அக்ரகாரத் தெருக்களைத் தாண்டி, ஆற்றுக்குப் போகிற வழியில், வேலாயுதன் என்ற ஓய்வுபெற்ற ஓவர்சியரின் வீடு. கீழ்ப்பகுதி காலியாக இருந்தது. மாடியில் ஒரு நர்சு குடியிருந்தாள். பக்கத்து வீட்டில் குடியிருந்த வேலாயுதன் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிங்ஙள் தம்மில் எந்தா பந்தம்?" என்று உறவு கேட்டார்.

"அக்கா தங்கச்சி சாரே" என்றாள் ரத்னாபாய், கொஞ்சமும் யோசிக்காமல்.

"முகம் ஒட்டும் சேருன்னில்லல்லோ" என்றார், சாயல் ஒட்டவில்லையே என்ற சந்தேகத்தோடு.

"அப்பன் ஒண்ணு. அம்மை ரெண்டு."

ஜெபமலருக்குத் தண்ணீர் புரையேறியது. வேலாயுதன், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு, எப்போது குடிவருகிறீர்கள் என்று விசாரித்தார்.

தெருமுனை வரைக்கும் ஜெபமலர் விறுவிறுவென்று நடந்தாள். பிறகு வெடித்தாள். "எனக்க அப்பா உபதேசியாராக்கும். சபையில அவரப் பாத்து எழும்பி நிப்பாவ. அவரப் போயி நீ..."

"வீடு கிடைச்சுதா இல்லியா?" என்றாள் ரத்னாபாய்.

கிரேஸ் ஹோமிலிருந்து கிளம்பிய நாளில் யாரும் வழியனுப்ப வரவில்லை. அதுதான் ஜெபமலருக்கும் வேண்டியிருந்தது. லோடு ஆட்டோவில் கட்டிலும் பாத்திரமும் ஏறிய பிறகு, ஒவ்வோர் அறையாகப் போய் ஜன்னல்களைச் சாத்தினாள். இடிக்கப்போகிற கட்டடத்துக்கு ஜன்னல் சாத்தி என்ன ஆகப்போகிறது என்று ரத்னா கேட்கவில்லை. அவளும் அடுக்களையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. கரமனை போய்ச் சேரும்போது இருவருமே நனைந்திருந்தார்கள்.

புது வீட்டில் பகல் எப்படியோ போய்விடும். விளக்கு வைக்கிற நேரம்தான் கஷ்டம். ஜெபமலருக்குக் கால் தானாக வாசலுக்கு நடக்கும். கேட்டருகே போய் நிற்பாள். மாடி நர்சு ஆர்ஷா டியூட்டி முடிந்து வந்தால், "இன்னைக்கு என்ன இவ்வளவு நேரம்?" என்பாள். முதல் வாரம் அந்தப் பெண் சிரித்து மழுப்பினாள். இரண்டாம் வாரம் நின்று, மரியாதையாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, எனக்கு முப்பத்திரண்டு வயசாச்சு. ஐ.சி.யூ.வில நான்தான் இன்சார்ஜ்."

ஜெபமலர் உள்ளே வந்துவிட்டாள். அந்த வெட்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் ரத்னாவிடம் இறக்கினாள். எண்ணெய் எதற்கு இவ்வளவு, அடுப்பை இன்னும் அணைக்கவில்லையா என்று தினம் ஏதாவது ஒன்று. ஒரு சனிக்கிழமை ரத்னா நெய்யாற்றின்கரையிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள்.

"எங்க போன?" என்றாள் ஜெபமலர், நாற்காலியில் இருந்தபடி.

"ஜிஷாவப் பாக்க."

"சொல்லிட்டுப் போகாண்டாமா?"

ரத்னாபாய் பையைக் கீழே வைத்தாள். "எவகிட்ட சொல்லணும் மேட்ரன்? இது ஹாஸ்டல் இல்லே. பாதி வாடகை நானும் குடுக்கேன்."

"நான் ஒரு அக்கறையில கேட்டேன்."

"அக்கறையா? அன்னைக்கு மேடையில மைக்கப் பிடிச்சு பால்காரனுக்கு நன்றி சொன்னியளே. எனக்க பேரு உங்க வாயில வந்துதா? இத்தன வருசம் மூணு நேரமும் அடுப்புல வெந்தவ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். கேட்டுட்டுத்தான் நின்னேன்."

குரலை அவள் உயர்த்தவேயில்லை. கீழே வைத்த பையையே எடுத்துக்கொண்டு, வந்த வழியே நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஜெபமலருக்கு அதன் பிறகு சில நாட்கள் எப்படிப் போயின என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, அவளுக்குச் சமைக்கத் தெரியாது. எத்தனையோ பேருக்கு அளந்து கொடுத்தவளுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியவில்லை. ரொட்டியும் பழமுமாக ஓட்டினாள். இரண்டாவது, ஆள் இல்லாத வீட்டில் அவள் ஒருநாளும் உறங்கியதில்லை. யாராவது இருமுகிற சத்தம், யாராவது கதவு சாத்துகிற சத்தம் கேட்டே பழகிய காது அது. செல்போனைத் திறந்து, பழைய பிள்ளைகளின் குரூப்பில் வந்திருந்த அந்தப் போட்டோவைப் பார்த்தாள். நடுவில் தான், பொன்னாடையோடு. சுற்றிலும் சிரித்த முகங்கள். ஓரத்தில், வெட்டுப்பட்ட மாதிரி, ஒரு தட்டின் விளிம்பும் அதைப் பிடித்த விரல்களும் மட்டும் தெரிந்தன.

மறுநாள் கஞ்சி வைக்கலாம் என்று அடுப்பில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். தீய்ந்த வாசனை மாடி வரைக்கும் போயிருக்கவேண்டும். ஆர்ஷா ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"ரத்னா ஆன்ட்டி எங்க?"

"மகளுக்க வீட்டுக்குப் போயிருக்கா."

"எப்போ வருவாங்க? மீன்கறி வாசம் வராம மாடியில இருக்கவே பிடிக்கல. எங்க கான்டீன் சோறு சாப்பிட்டு எல்லாருக்கும் வாய் செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே, கரிந்த பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அன்றைக்குச் சொன்னதை அவள் அன்றைக்கே மறந்திருப்பாள் போலிருந்தது.

பத்து மணிப் பஸ்ஸில் ஜெபமலர் நெய்யாற்றின்கரைக்குப் போனாள். வழி கேட்டுக் கேட்டு ஜிஷாவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். ரத்னாபாய் பின்பக்கத்தில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்; கை நிற்கவில்லை.

ஜெபமலர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள். தரையில் கிடந்த தோலைப் பொறுக்கிக்கொண்டே, "அந்தப் படத்தப் பாத்தேன். உனக்க கை மட்டும்தான் இருக்கு" என்றாள்.

"இப்பம்தான் பாத்தியளா?"

"அன்னைக்கே பாத்தேன், நீ ஒதுங்கி நின்னத. அப்பம் எனக்குத் தப்பா ஒண்ணும் தோணல்லே, ரத்னா. அதுதான் எனக்க மனசுல கெடந்து அறுக்குது."

ரத்னா சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். உள்ளேயிருந்து ஜிஷா எட்டிப் பார்த்து, "மேட்ரன் ஆன்ட்டியா!" என்று சாயா போட ஓடினாள். அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் ஜெபமலர்தான். அதுவும் மெஸ்ஸின் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து.

"சாப்பிட்டியளா?" என்று கேட்டாள் ரத்னாபாய்.

"கஞ்சி தீஞ்சுபோச்சு."

"கஞ்சி தீயுமா? தண்ணி ஊத்தினியளா இல்லியா?" என்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மரச்சீனியும் மிளகுச் சம்மந்தித் துவையலும் ஆனதும், இருவரும் அந்தப் பின்கட்டிலேயே உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். சாயங்காலப் பஸ்ஸில் சேர்ந்தே திரும்பினார்கள். வழியில் ரத்னா ஒன்றே ஒன்று சொன்னாள்: "இனி நான் எங்கயும் போனா சொல்லுவேன். நீங்க கேக்கப்பிடாது."

ஆர்ஷாவின் ஆஸ்பத்திரியில் நர்சுகள் சிலருக்கு மதியச் சோறு கொடுக்கலாமா என்ற யோசனை, அந்த வாரத்திலேயே மாடிப்படியில் நின்றபடி பேசி முடிவானது. ரத்னா சமைப்பாள். ஜெபமலர் காய் நறுக்குவாள், கட்டிக் கொடுப்பாள், பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். முதல்நாள் பயறு நறுக்கியதைப் பார்த்து, "இது பயறா, பல்குச்சியா?" என்றாள் ரத்னா. ஜெபமலர் இன்னும் சின்னதாக நறுக்கினாள். ஆஸ்பத்திரி வாசலில் சோற்றுப் பொட்டலங்களோடு நின்ற முதல்நாள் யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது. பார்த்தும்விட்டார்கள், பாடகர் குழுவிலுள்ள ஒரு டாக்டரம்மா. "மேட்ரன், இங்கயா?" என்றார். "மீன்கறிச் சோறு. ரத்னாபாய் வைக்கிறது. வேணும்னா நாளைக்கு உங்களுக்கும் கொண்டாறேன்" என்றாள். டாக்டரம்மா வேண்டும் என்றார்.

ஆடி மாதம் முடிவதற்குள் பழைய பாத்திரம் போதாமல் போயிற்று. ஒரு திங்கட்கிழமை இருவரும் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், ஆரியசாலைப் பக்கம் திரும்புகிற சந்தில் கோமதிநாயகத்தின் பாத்திரக்கடையில் ஏறினார்கள். திருநெல்வேலிக்காரர். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்து ஸ்டூல் எடுத்துப் போட்டார். ரத்னா ஒரு நடுத்தரமான கலத்தைத் தட்டிப் பார்த்து, இது மதி, போதும் என்றாள். ஜெபமலர் மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய கலத்தைக் காட்டினாள்.

"அது எதுக்கு? கல்யாண வீட்டுக்கா?"

"ஆள் கூடும்."

"கூடாம போனா?"

"அதுல குளிப்போம்" என்றாள் ஜெபமலர்.

கோமதிநாயகம் சிரித்துக்கொண்டே பெரியதை இறக்கினார். ஆட்டோவுக்கு அந்தச் சந்தில் வழியில்லை. கலத்தின் இரண்டு காதுகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வாழைக்குலை வண்டிக்கும் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களுக்கும் நடுவில் கலம் இடித்து இடித்துப் போனது. ரத்னா முன்னால் வேகமாக நடந்தாள். ஜெபமலர் பின்னால் இழுபட்டாள்.

"மெதுவா போ ரத்னா. கை வலிக்குது."

"பெருசு வேணும்னு ஆரு சொன்னது?"

"சரி, நாளைக்கு என்ன கறி?"

"நெத்திலி கிடைச்சா மாங்கா போட்டு வைக்கலாம். கிடைக்கல்லேன்னா சாம்பார்."

"சாம்பார் வேண்டாம்" என்றாள் ஜெபமலர். "விழிஞ்ஞத்துக்கு நான் விடியக்காலம் போயி வாங்கிட்டு வாறேன்."

"உங்களுக்கு மீன் பாத்து வாங்கத் தெரியாது."

"அப்போ நீயும் வா."

பழவங்காடி பஸ் ஸ்டாப்பில் கலத்தை இறக்கி வைத்துவிட்டு, எந்த பஸ்காரன் இதை ஏற்றுவான் என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.